பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கிளட்ச்: நோய் எங்கே இருக்கிறது?

டோபி காட் என்றதும் இன்றைய சிங்கப்பூர்வாசிக்கு மூன்று ரயில் பாதைகள் கூடும் நிலத்தடி நிலையமே நினைவுக்கு வரும். பெயரின் வரலாறு வேறு. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் இங்கிருந்த ஓடையில் துணி வெளுத்து, அருகிலுள்ள திறந்த வெளியில் உலர்த்தினர். அவர்களுடைய துறையே டோபி காட் ஆயிற்று. ஓடை பின்னர் ஸ்டாம்போர்டு கால்வாயாக மாறியது.

வெளுப்போர் இருந்த இடத்துக்கு இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வந்தது. 1906-இல் தோன்றிய வியர்ன் சகோதரர் நிறுவனமும், அதன் கிளையாகிய மலாயன் மோட்டார்ஸும், வேறு பல கார் வணிகரும் ஆர்ச்சர்டு சாலையின் இந்தப் பகுதியைக் கார்க் கடைத் தெருவாகவே ஆக்கிவிட்டனர். பிரிட்டிஷ் கார்கள் இங்கே கண்ணாடிச் சாளரங்களுக்குப் பின்னால் நின்றன. 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயங்கள் ஸ்போர்ட்ஸ் கார்களின் மீது இளைஞர்களுக்கிருந்த மோகத்தை மேலும் வளர்த்தன.

அக்காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களிற் சில இன்றும் இத்தீவில் உயிரோடிருக்கின்றன. குறைந்தது 35 ஆண்டு வயதான கார்களுக்கெனத் தனி விதி உண்டு. அந்த விதியின்கீழ்ப் பதிவான கார்களை ஆண்டு முழுவதும் ஓட்ட முடியாது. குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே ஓட்டலாம். ஆகவே அவை ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே அதிகம். அபூர்வமாக வெளியே வரும் ஒரு நாளில், டோபி காட் சந்திப்பின் சிவப்பு விளக்கில், மிதியை அழுத்தியும் கியர் விழாமல் கார் நின்றுவிட்டால், பின்னால் நிற்கும் வண்டிகளின் சத்தத்தில் உரிமையாளருக்கு ஒன்றே தோன்றும்: "கிளட்ச் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டியதுதான்."

அந்தத் தீர்ப்பு பல வேளைகளில் அவசரத் தீர்ப்பாகும். நோய் கிளட்சில் இல்லாமல், அதை இயக்கும் உறுப்புகளில் இருக்கலாம். எது எங்கே என்று காணும் முறை கடினமன்று. அதற்கு வேண்டியவை ஒரு கைவிளக்கு, ஓர் அங்குல அளவுகோல், மிதியை அழுத்த இன்னொரு மனிதர், கொஞ்சம் பொறுமை ஆகியவையே.

கிளட்சின் தொழில்

இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்து ஒரு கையைத் திருப்பினால் மற்றதும் உடன் திரும்பும். அழுத்தத்தைத் தளர்த்தினால் ஒன்று மட்டும் திரும்பும். கிளட்சின் தத்துவம் இவ்வளவே.

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த இரும்புத் தட்டு பிளைவீல் எனப்படும். அதற்கும் பிரஷர் பிளேட் என்னும் மற்றோர் இரும்புத் தட்டுக்கும் நடுவில், இருபுறமும் உராய்வுப் பொருள் ஒட்டிய கிளட்ச் பிளேட் இருக்கிறது. வலுவான ஸ்பிரிங் இவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும்போது எஞ்சினின் சுழற்சி கியர் பெட்டிக்குச் செல்கிறது. மிதியை அழுத்தினால் ரிலீஸ் பேரிங் முன்னே வந்து ஸ்பிரிங்கைத் தள்ளும். பிரஷர் பிளேட் பின்வாங்கும். நடுவிலுள்ள பிளேட் விடுபடும். இந்த விடுதலைக்குக் கிடைக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரு நாணயத்தின் கனந்தான். இவ்வளவு சிறிய இடைவெளியை நம்பியிருப்பதனாலேயே, வழியில் எங்கேனும் சிறிது குறைந்தாலும் கியர் அலறத் தொடங்குகிறது.

உதாரணத்துக்கு எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டு உற்பத்தியான கார் இது. இதன் எஞ்சின் 1798 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ளது. கிளட்ச் பிளேட்டின் குறுக்களவு 8 அங்குலம். மிதியின் அசைவைக் கம்பியோ கயிறோ கொண்டுசெல்வதில்லை. பிரேக் ஆயில் கொண்டுசெல்கிறது. ஓட்டுநரின் காலுக்கு முன்னால் மாஸ்டர் சிலிண்டர். கியர் பெட்டியின் பக்கவாட்டில் சிலேவ் சிலிண்டர். இரண்டுக்கும் நடுவில் உலோகக் குழாயும், கடைசியில் ரப்பர் குழாயும்.

மாஸ்டரின் உட்குறுக்களவு முக்கால் அங்குலம். சிலேவின் உட்குறுக்களவு ஒன்றேகால் அங்குலம். பரப்பைக் கணக்கிட்டால் 9-க்கு 25 என்னும் விகிதம் வரும். அதாவது, கீழே சிலேவின் தண்டு அரை அங்குலம் நகர வேண்டுமானால், மேலே மாஸ்டரின் தண்டு 1.4 அங்குலம் நகர வேண்டும். விசை ஏறக்குறைய மூன்று மடங்காகக் கூடும். தூரம் அதே அளவுக்குக் குறையும். இந்த அரை அங்குலத்தை மறவாதிருப்பது நல்லது. நோய் காண்பதற்கு இதுவே உரைகல்.

இரண்டு நோய்கள், இரண்டு சோதனைகள்

கிளட்சின் குறைகளைப் பலர் ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர். உண்மையில் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு நோய்கள் உள்ளன. ஒன்று, பிடிக்க வேண்டியபோது பிடிக்காமை, இது வழுக்கல். மற்றொன்று, விட வேண்டியபோது விடாமை; இது இழுவை. இவற்றைப் பிரித்தறியாமல் பழுது பார்ப்பது, காய்ச்சலுக்கும் குளிர் நடுக்கத்துக்கும் ஒரே மருந்து கொடுப்பதைப் போன்றது.

வழுக்கலைக் காண, நான்காம் கியரில் மிதமான வேகத்தில் செல்லும்போது ஆக்ஸிலேட்டரை நன்றாக அழுத்த வேண்டும். எஞ்சினின் சுழற்சி விர்ரென்று ஏற, காரின் வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கருகிய நாற்றமும் உடன் வரலாம். இச்சோதனையை ஒரு முறைக்கு மேல் செய்தால் சோதனையே பிளேட்டைக் கெடுத்துவிடும்.

இழுவையைக் காண, நிற்கும் காரில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மிதியை முழுவதும் அழுத்தி, சில விநாடி பொறுத்து ரிவர்ஸ் கியரைப் போட வேண்டும். சத்தமின்றி விழுந்தால் கிளட்ச் விடுகிறது. பற்கள் உராய்ந்து கரகரத்தால் பிளேட் இன்னும் சுழல்கிறது என்பது தெளிவு. ரிவர்ஸ் கியரைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அதற்குச் சிங்க்ரோமெஷ் இல்லாமையே. குறையை மறைத்துக் காட்டாத கியர் அது. 1967-இன் பிற்பகுதிவரை வந்த எம்.ஜி.பி. கார்களில் முதல் கியருக்கும் சிங்க்ரோமெஷ் கிடையாது. ஆகவே மிதியை அழுத்திய மறுகணமே கியரைத் தள்ளிவிட்டு, கிளட்சின் மீது பழிபோடுவது முறையன்று.

மிதியிலிருந்து தொடங்குக

இழுவை நோயில் ஆராய்ச்சி எஞ்சினிலிருந்து தொடங்கலாகாது. மிதியிலிருந்து தொடங்க வேண்டும். செலவு குறைந்த இடத்திலிருந்து செலவு மிகுந்த இடத்துக்குச் செல்வதே ஒழுங்கு.

முதலில் மிதியையும் மாஸ்டர் தண்டையும் இணைக்கும் பின்னைப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான முறை அழுத்தப்பட்டதில் பின் தேய்ந்திருக்கும். அது நுழையும் துளையும் வட்டம் போய் முட்டை வடிவாகியிருக்கும். மிதி நகர்ந்தும் தண்டு நகராத வெற்று அசைவு இதனால் உண்டாகிறது. பழைய எம்.ஜி. கார்களில் இது சாதாரணமாகக் காணப்படும் தேய்மானம். புதிய பின்னின் விலை அற்பம். துளையைப் பற்றவைத்து அடைத்து மீண்டும் துளைப்பது எளிய பட்டறை வேலை.

இரண்டாவதாக, மாஸ்டர் சிலிண்டரில் பிரேக் ஆயிலின் மட்டம். மட்டம் குறைந்திருந்தால், ஊற்றி நிரப்பிவிட்டுப் போய்விடுவது பிழை. போன ஆயில் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். மிதியின் மேற்பகுதியில் ஈரமும், அடியில் வெந்துபோன பெயிண்டும் இருந்தால் மாஸ்டரின் ரப்பர் சீல் ஒழுகுகிறது. காரின் அடியில் சிலேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கியதும் ஆயில் வடிந்தால், அங்குள்ள சீல் போய்விட்டது.

மூன்றாவதாக அளவுகோல். ஒருவர் மிதியை முழுவதும் அழுத்த, மற்றொருவர் சிலேவின் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று அளக்க வேண்டும். அரை அங்குலமோ அதற்குச் சற்று மேலோ நகர்ந்தால் மிதியும் ஆயிலும் தம் கடமையைச் செய்கின்றன. நோய் உள்ளே இருக்கிறது. நகர்வு குறைந்தால் எஞ்சினைத் தொடவே தேவையில்லை. நோய் வெளியில் இருக்கிறது. எஞ்சினை இறக்குவதா வேண்டாமா என்னும் பெரிய கேள்விக்கு இந்தச் சிறிய அளவீடு விடை சொல்லிவிடுகிறது.

நகர்வு குறைவாயிருந்து, மிதியை இரண்டு மூன்று முறை விரைந்து அழுத்தியதும் கியர் ஒழுங்காக விழுமானால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம். காற்று அழுங்கும், ஆயில் அழுங்காது. மிதியை அழுத்திப் பிடித்திருக்கையிலேயே கார் மெல்ல முன்னே நகரத் தொடங்கினால், மாஸ்டரின் உட்சீலைத் தாண்டி ஆயில் பின்னோக்கிக் கசிகிறது; வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

ரப்பர் குழாய் தனிக் கவனத்துக்குரியது. முதுமையால் தளர்ந்த குழாய், அழுத்தம் வந்ததும் பலூனைப்போல் சிறிது உப்பி நகர்வை விழுங்கிவிடும். சில குழாய்கள் உட்புறமாகச் சிதைந்து, போகும் ஆயிலை விட்டுத் திரும்பும் ஆயிலைத் தடுக்கும். அப்போது மிதியை விட்ட பின்னும் கிளட்ச் முழுவதும் பிடிக்காது, கார் வழுக்கும். பிளேட் தேய்ந்துவிட்டதென்று இதைக் கண்டோர் எளிதில் ஏமாறுவர். ஐயமிருந்தால், கார் வழுக்கும் நிலையில் சிலேவின் காற்றுத் திருகைச் சிறிது தளர்த்திப் பார்க்கலாம். ஆயில் பீறிட்டு வந்து வழுக்கலும் நீங்குமானால் குற்றவாளி பிளேட் அன்று, குழாயோ மாஸ்டரோதான்.

தீவின் ஈரக் காற்று

சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் சராசரியாக நூற்றுக்கு எண்பதுக்கு மேல். ஆண்டு மழை 2000 மில்லிமீட்டரைத் தாண்டும். ஓடாமல் நிற்கும் காருக்கு இந்த ஈரம் இரு வழிகளில் பகையாகிறது.

முதலாவது, பிரேக் ஆயிலின் வழியாக. பிரேக் ஆயில் என்ற பெயரில் எண்ணெய் இருந்தாலும், கிளைக்கால் வகையைச் சேர்ந்த இத்திரவம் காற்றிலுள்ள நீரை உறிஞ்சும் இயல்புடையது. உறிஞ்சிய நீர் சிலிண்டரின் உட்சுவரில் துருப்பிடிக்கச் செய்து குழிகளை உண்டாக்கும். நின்ற காரை மீண்டும் ஓட்டும்போது ரப்பர் சீல் அக்குழிகளின் மேல் உரசிக் கிழியும். குழி விழுந்த சிலிண்டருக்குப் புதிய சீல் மட்டும் போடுவது நிலைக்காது; சிலிண்டரையே மாற்ற வேண்டும், அல்லது உள்ளே புதிய உலோக உறை இட வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயில் முழுவதையும் மாற்றுவது இதனினும் மலிவு. எஞ்சின் ஆயிலையோ வேறு கனிம எண்ணெயையோ ஒருபோதும் இதில் ஊற்றலாகாது. ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

இரண்டாவது வழி கிளட்சுக்குள்ளேயே இருக்கிறது. மாதக்கணக்கில் நிற்கும் காரில் பிளைவீலின் இரும்பு முகத்தில் துரு பூத்து, கிளட்ச் பிளேட்டை அதனோடு ஒட்டிவிடும். மிதி சரியாக இறங்கும்; சிலேவும் அரை அங்குலம் நகரும்; ஆனால் பிளேட் விடாது. நேற்றுவரை நன்றாயிருந்து, நீண்ட ஓய்வுக்குப் பின் திடீரெனத் தோன்றும் இழுவையில் இதை முதலில் ஐயுற வேண்டும்.

இதற்கு எஞ்சினை இறக்குவது கடைசி மருந்து. முதலில் எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, பின்னர் நிறுத்தி, மிதியை மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து இரவு முழுவதும் அழுத்தி வைக்கலாம். அதற்கும் விடாவிட்டால், ஆளில்லாத விசாலமான திடலில், மிதியை அழுத்தியபடியே கியரில் ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தும் விட்டும் ஓட்டினால் பிளேட் படீரென்று விடுபடக்கூடும். கார் சாவியைத் திருப்பிய கணத்திலேயே பாய்ந்து புறப்படும். நிறுத்துவதற்குப் பிரேக்கும் சாவியும் தவிர வேறில்லை. பிரேக்கைச் சோதிக்காமலும், முன்னால் சுவரோ மனிதரோ இருக்கையிலும், அடுக்குமாடிக் கார் நிறுத்தத்திலும் இதைச் செய்வது ஆபத்து. துணிவில்லாதவர் காரைப் பட்டறைக்கு ஏற்றிச் செல்வதே அறிவுடைமை.

எஞ்சின் இறங்கித்தான் ஆகவேண்டுமானால்

பிளேட் உண்மையிலேயே தேய்ந்திருந்தாலோ, அதில் எண்ணெய் படிந்திருந்தாலோ, ரிலீஸ் பேரிங் தேய்ந்திருந்தாலோ வேறு வழியில்லை. எம்.ஜி.பி.யில் கியர் பெட்டியை மட்டும் கீழே இறக்க முடியாது. எஞ்சினைத் தனியாகவோ, கியர் பெட்டியோடு சேர்த்தோ மேலே தூக்க வேண்டும். ரேடியேட்டர், கார்புரேட்டர், புகைக்குழாய் இணைப்பு எல்லாம் கழற்றிச் சங்கிலிக் கப்பியில் தூக்கும் வேலை இது. எஞ்சினின் பாரம் கியர் பெட்டியின் தண்டில் தொங்க விடலாகாது. விட்டால் புதிய பிளேட்டின் நடுப்பகுதி வளைந்து, புதிய கிளட்சே இழுக்கத் தொடங்கும்.

பிரித்த உடனே ஓர் எச்சரிக்கை. பழைய கிளட்ச் பிளேட்டுகளின் உராய்வுப் பொருளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அதன் தூள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் கொடிய நோயை விளைவிப்பது. காற்றுக் குழாயால் ஊதுவதும் உலர்ந்த துணியால் தட்டுவதும் கூடாது. முகமூடி அணிந்து, நனைத்துத் துடைத்து, துணியைப் பையிலிட்டுக் கட்ட வேண்டும்.

ரிலீஸ் பேரிங் என்று பெயர் இருப்பினும் எம்.ஜி.பி.யில் உள்ளது குண்டுகள் கொண்ட பேரிங் அன்று, கரி வளையம். சுழலும் தட்டின் மீது உரசியே அது வேலை செய்கிறது. மிதியின் மேல் காலை ஓயாது வைத்திருப்பவரின் காரில் இந்தக் கரி விரைவில் தீர்ந்துவிடும். அது முழுவதும் தேய்ந்தால் தள்ளுகை தன் எல்லையைத் தாண்டிச் சென்று, சிலேவின் பிஸ்டன் சிலிண்டரை விட்டு வெளியே வந்துவிடுவதும் உண்டு. அதனால் சிலேவ் திடீரென ஆயிலைக் கொட்டினால், சீலை மட்டும் பழிக்காமல் கரி வளையத்தையும் நினைக்க வேண்டும்.

பிளேட்டில் எண்ணெய் இருந்தால், புதிய பிளேட் போடுமுன் எண்ணெய் வந்த வழியை அடைக்க வேண்டும். 1964-இன் பிற்பகுதிவரை வந்த மூன்று பேரிங் எஞ்சின்களில் பின்புறம் ரப்பர் சீல் இல்லை. அதன்பின் வந்த ஐந்து பேரிங் எஞ்சின்களில் உண்டு. பழைய வகையில் எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தாலும் எண்ணெய் பின்னால் தள்ளப்படும்.

பிளேட், பிரஷர் பிளேட், கரி வளையம் மூன்றையும் ஒருசேர மாற்றுவதே சிக்கனம். இரண்டாம் முறை எஞ்சினைத் தூக்கும் கூலி அவற்றின் விலையை மிஞ்சிவிடும். பிளைவீலில் ஆழமான கீறலோ, சூட்டால் நீலம் பாய்ந்த புள்ளிகளோ இருந்தால் கடைசல் பட்டறையில் முகம் சீவ வேண்டும். பிளேட்டுக்கு முன்புறம் பின்புறம் உண்டு. திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. அதை நடுமையத்தில் நிறுத்தப் பழைய கியர் தண்டு ஒன்றே போதிய கருவியாகும். திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். தண்டின் பற்களில் மிகச் சிறிதளவு கிரீஸ் போதும். கரி வளையத்தில் எண்ணெயோ கிரீஸோ படலாகாது.

எல்லாம் கூட்டிய பின், குழாயிலிருந்து காற்றை வெளியேற்றி, மீண்டும் அந்த அரை அங்குலத்தை அளந்து பார்க்க வேண்டும். முதலில் நோயைக் காட்டிய அளவே இப்போது குணத்தையும் காட்டும்.

காக்கும் வழி

இன்று சிங்கப்பூரில் ஓடும் கார்களிற் பெரும்பாலானவை தானியங்கிக் கியர் கொண்டவை. தானியங்கிக் கார் ஓட்ட மட்டுமே செல்லும் உரிமம் பெற்று, கிளட்ச் மிதியையே காலால் தொடாத ஓட்டுநர் பலர். அத்தகைய ஊரில், பழைய கார் ஒன்றை நகரும் நிலையில் வைத்திருப்பது அதன் உரிமையாளரின் கையறிவைப் பொறுத்தது. தவறான தீர்ப்பினால் வீண் செலவு ஏறி, மனம் சலித்து, மூலையில் தள்ளப்படும் கார் பின்னர் துருவுக்கே இரையாகிறது. ஒரு பின்னும் ஒரு ரப்பர் குழாயும் காப்பாற்றியிருக்கக்கூடிய காரை அளக்காத அவசரம் இழக்கச் செய்துவிடும்.

ஆகவே ஓட்ட அனுமதியுள்ள நாட்களை மாதந்தோறும் பங்கிட்டுச் சிறிது தூரமேனும் ஓட்டுவதும், ஓட்டாத வாரங்களில் நின்ற இடத்திலேயே மிதியைப் பலமுறை அழுத்தி விடுவதும், சிவப்பு விளக்கில் கியரை நியூட்ரலில் விட்டுக் காலை மிதியிலிருந்து எடுத்துவிடுவதும் கிளட்சின் ஆயுளை நீட்டிக்கும். அப்படியும் ஒரு நாள் கியர் கரகரக்குமானால், சங்கிலிக் கப்பியைத் தேடுமுன் அளவுகோலைத் தேட வேண்டும்.